வேலூர் ராத்திரியை ஒரு ராக் பாட்டாக்குவது எப்படி: நோட்டுப் புத்தகத்திலிருந்து ரிலீஸ் வரை

இன்டீ ராக் (பெரிய கம்பெனி துணையில்லாமல் தாங்களே போடும் ராக்) என்றால் பெங்களூரு பப், சென்னை ஸ்டுடியோ, இங்கிலீஷ் பாட்டு என்று நினைப்பவர்கள் இதோடு கிளம்பலாம். இது வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் ஒரு பழைய கிடாரும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு, நம்ம ஊரின் இருட்டுப் பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு பாட்டாவது போட்டுவிட வேண்டும் என்று அலைபவர்களுக்கு. நாங்கள் நாலு பேர். ஒரு பாட்டுக்கு 11 மாதம் ஆனது. அதில் 8 மாதம் வீண், தேவையில்லாத தப்புகளால் போனது. அந்த 8 மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு முன்னுதாரணம். 2006 ஜனவரியில் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பேண்டின் ‘வென் தி சன் கோஸ் டவுன்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வாசித்தவர்கள் இருபது வயதை ஒட்டிய பையன்கள், லண்டன்காரர்களும் இல்லை. ஷெஃபீல்டு, பழைய இரும்பு உருக்கு நகரம். அங்கே நீப்செண்டு என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், பொழுது சாய்ந்த பிறகு தெருவோரம் நிற்கும் பாலியல் தொழிலாளிகளையும் அவர்களைச் சுற்றித் திரியும் ஆட்களையும் பற்றிய பாட்டு அது. அவர்கள் பிராக்டிஸ் செய்த இடமும் அதே பகுதிதான், அதாவது தினமும் கண்ணில் பட்டதை எழுதினார்கள். பாட்டு ஒரே ஒரு கிடாரும் குரலும் மட்டுமாக, ஏதோ நண்பனிடம் கதை சொல்வது போல ஆரம்பிக்கும், அப்புறம் திடீரென்று மொத்த பேண்டும் மேலே விழும். அந்த வடிவத்தைக் கவனியுங்கள், கீழே அதற்கு மறுபடி வருவேன். சொல்லையோ ட்யூனையோ திருடச் சொல்லவில்லை.

படி 1: ஊரை விட்டுவிட்டு ஒரு சந்தைப் பிடியுங்கள்

‘வேலூரின் இருண்ட பக்கம்’ என்று ஒரு பாட்டு எழுத முடியாது. முயற்சி செய்து பார்த்தாயிற்று. கோட்டை, அகழி, வெயில், ஜெயில், தோல் ஷாப் நாற்றம், மணல் லாரி, எல்லாவற்றையும் போட்டு அடைத்தால் பாட்டு மாவட்டக் கையேடு மாதிரி ஆகிவிடும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு, புதிதாக எழுத வருகிற எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். கோட்டைக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது பாதி ஊர் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. ஆக அந்த நக்கல் பாதி காலாவதி. உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

ஒரு தெரு, ஒரு நேரம், ஓர் ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் பாட்டு கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் சந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்காலி எழுத்தில் போர்டு, மீன் சாப்பாட்டு மெஸ், வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டவ்வும் பாத்திரமும், கொல்கத்தா, அஸ்ஸாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மாதக்கணக்கில் ஒரே அறையில் கிடக்கிற குடும்பங்கள். பகலில் அது ஒரு கடைத்தெரு. அதிகாலை 4:30க்கு அது வேறு ஊர். நான் மூன்று வருடம் அந்தப் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நைட் ஷிப்ட் பார்த்தேன். அந்த நேரத்தில் ஷட்டர் ஓரமாக ஒரு பெரியவர் எக்ஸ்ரே கவரைத் தலைக்கு வைத்து, செருப்பை மஞ்சப்பையில் கட்டி இடுப்புக்கடியில் போட்டுத் தூங்குவார். செருப்பு திருடு போகும் என்பதற்காக. அந்தச் செருப்புதான் எங்கள் பாட்டு.

வேறு இடங்களும் இருக்கின்றன. காட்பாடி ஜங்ஷனில் நடுராத்திரி வண்டியிலிருந்து இறங்குகிறவர்களைச் சூழ்ந்துகொள்ளும் லாட்ஜ் ஏஜென்டுகள், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை சாத்திய பிறகு நடப்பது, மாத முதல் வாரத்தில் அடகுக்கடை வாசல், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண்களின் விரல் நுனி.

சில விஷயங்களைத் தொடும்போது கை நடுங்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கள் பேஸ் கிடார் வாசிக்கிற தம்பி அதைப் பாட்டாக்கலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். அந்தக் குடும்பங்களோடு ஒரு வார்த்தை பேசாமல், அந்த ராத்திரியை கிடார் சோலோவுக்குச் சாக்காக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு முன்னால் இதை ஒரு முறை யோசியுங்கள்.

படி 2: பத்து ராத்திரி சும்மா உட்காருங்கள்

கிடாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சின்ன நோட்டு போதும், போன் எடுத்தால் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள், அது நியாயமும்கூட. கேட்ட பேச்சை அப்படியே எழுதுங்கள், ‘அவர் சோகமாக இருந்தார்’ என்று எழுதாதீர்கள். மூன்றாவது நாள் டீக்கடை அண்ணன் என்னைக் கேட்டார், “இன்னாபா, ராத்திரி பூரா இங்கியே குந்திகினு கீற? ஆருனா அட்மிட் ஆயிக்கீறாங்களா?” பாட்டு எழுதுகிறேன் என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அப்ப டீக்கு துட்டு குடுத்துட்டு எழுது” என்றார்.

அந்தச் சந்தில் யாரைப் பார்த்தாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள், “எந்த ஊரு? எத்தினி நாளா கீறீங்க?” லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர், எல்லோரும். ஆறாவது ராத்திரி அது காதில் தானாகவே ட்யூனாக விழுந்தது. அப்படி விழுவதற்குத்தான் பத்து ராத்திரி.

நோயாளியின் பெயர், வார்டு, நோய், முகம், எதுவும் பாட்டில் வரக்கூடாது. ஆஸ்பத்திரிக்குள் போய் ரெக்கார்டரை ஆன் செய்வது கூடவே கூடாது. பெரியவரைக் கொஞ்சம் மாற்றினேன், ஊரை மாற்றினேன், செருப்பை மட்டும் விட்டுவைத்தேன்.

படி 3: யார் பாடுவது?

இந்த மாதிரி பாட்டுகள் கெடுவது இங்கேதான். பாடுகிறவன் நீதிபதியாக உட்கார்ந்துவிடுவான், ‘ஐயோ இந்தச் சமூகமே’ என்று. அல்லது அந்த ஏழையாகவே தன்னை நினைத்துக்கொண்டு அழுவான். இரண்டுமே கேட்கச் சகிக்காது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. செய்யாறு பக்கம் புரிசை, அந்த வட்டாரத்துத் தெருக்கூத்தை யோசித்துப் பாருங்கள். துரியோதனன் கிரீடம் வைத்துக்கொண்டு ஆடும்போது பக்கத்தில் ஒரு கட்டியக்காரன் நிற்பான். அவன் ராஜாவும் இல்லை, ஜனமும் இல்லை. கேள்வி கேட்பான், நக்கல் அடிப்பான், நடந்ததைச் சொல்வான், தீர்ப்பைக் கூட்டத்திடம் விட்டுவிடுவான். ராக் பாட்டின் பாடகனை நான் அந்த இடத்தில்தான் நிறுத்துவேன். அவனுக்கும் அந்தச் சந்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பாட்டில் பாடுகிறவன் மாத்திரை விற்கிறவன், பெரியவரிடம் சில்லறை பாக்கி வைத்தவன்.

படி 4: வரிகள், அதாவது குறிலும் நெடிலும்

என் முதல் டிராஃப்ட் இப்படி இருந்தது, வெட்கத்தோடு போடுகிறேன்:

இரவின் மடியில் அழுகிறது நகரம்
கனவுகள் எல்லாம் கருகிய தெருவில்

இதை மதுரைக்கும் பாடலாம், மாஸ்கோவுக்கும் பாடலாம். ஒரு செருப்புகூட இல்லை. பிறகு வந்தது இது:

டீக்கட ஷட்டரு பாதி தூக்கினு கீது
எக்ஸ்ரே கவரு மேல தல வெச்சினு கீறாரு
செருப்ப மட்டும் பைல கட்டி வெச்சிக்கீறாரு
சில்றை நாளிக்கின்னு சொன்னது நான்தான்

வட ஆற்காட்டுப் பேச்சு ராக்குக்கு என்றே செய்தது மாதிரி இருக்கும். ‘கீது’, ‘கீறாரு’, ‘வெச்சினு’, எல்லாவற்றிலும் ஒரு வெட்டு இருக்கிறது, ஸ்னேர் (சுள்ளென்று வெடிக்கும் டிரம்) அடி மாதிரி விழும். ‘இருக்கிறது’ என்று பாடினால் நொண்டும். சினிமாவில் இந்தப் பேச்சைக் காமெடியனுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள், அதனால் பாட வெட்கப்படுகிறோம். எங்கள் பாடகர் இரண்டு வாரம் மறுத்தார். வீட்டில் அவர் பேசுவதே அப்படித்தான்.

அடுத்தது, யாரும் சொல்லித் தராதது. இங்கிலீஷ் ராக் ட்யூனைத் தமிழுக்கு இழுக்கும்போது நீளமான சுரம் குறில் மேல் விழுந்தால் அர்த்தமே மாறிவிடும். ‘கல்’ நீண்டால் ‘கால்’, ‘பல’ நீண்டால் ‘பால’. எங்கள் பழைய கோரஸ் (பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதி) ‘விடு, ராத்திரிய விடு’ என்று இருந்தது. ‘வி’யில் இரண்டு பீட் இழுத்தோம். கேட்ட எல்லோரும் “வீடா? வீட்டைப் பத்தின பாட்டா?” என்றார்கள். மூன்று மாதம் அதையே ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தோம் என்பது தனிக் கதை. நீளும் இடங்களில் நெடிலை வையுங்கள், குறிலை வேகமாக ஓட்டுங்கள். ‘எந்த ஊ—ரு, எத்தினி நா—ளு’ பாடிப் பாருங்கள், ஊவும் நாவும் எவ்வளவு இழுத்தாலும் உடையாது.

எதுகை மோனைக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம். மோனை ஒன்றிரண்டு தானாக வரும், அது போதும்.

படி 5: கார்டு, வேகம், அமைப்பு

கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், பெரிய விஷயமே இல்லை. ஈ மைனர், சி, ஜி, டி. ஒரு லட்சம் பாட்டு இதில் இருக்கிறது, இன்னொன்று இருந்தால் யாரும் கேஸ் போட மாட்டார்கள். சுருதி பாடகரின் குரலுக்குத் தாழ்வாக இருந்தால் கேப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) கிடாரின் இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டில் (கட்டத்தில்) போடுங்கள். கோரஸில் ஈ மைனரிலிருந்து ஆரம்பிக்காமல் சியிலிருந்து ஆரம்பித்தால் அதே நாலு கார்டும் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

அமைப்புதான் விஷயம். மேலே சொன்னேனே, தனிக் கிடாரில் ஆரம்பித்துத் திடீரென வெடிப்பது. அதைச் செய்ய எளிய வழி, கிளிக்கை (வாசிப்பவர் காதில் ஓடும் டிக் டிக் தாளம்) 168 பி.பி.எம்மில் (நிமிஷத்துக்கு 168 அடி) வைத்துவிட்டு, முதல் 40 நொடியை அதில் பாதி வேகமாக, அதாவது 84 போல உணர்ந்து வாசிப்பது. விரலால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டி, குரல் கிட்டத்தட்டப் பேச்சாக. டிரம்ஸ் நுழையும்போது கிளிக் மாறாது, ஆனால் கேட்பவனுக்கு வேகம் இரட்டிப்பானது மாதிரி இருக்கும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றாவது, மூன்றாவது அடியிலும், ஸ்னேர் இரண்டாவது, நாலாவது அடியிலும், அவ்வளவுதான். கித்தாய்ப்பு வேலை எல்லாம் அப்புறம்.

வெடிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு பார் (நாலு அடி) முழுக்க மௌனம் விடுங்கள். நாங்கள் அந்த இடத்தில் நிஜ ஷட்டர் தூக்கும் சத்தத்தை வைத்தோம். எங்கள் கடை ஷட்டரைத்தான் போனில் பதிவு செய்தேன், ஓனரிடம் கேட்டுவிட்டு.

பாட்டு முழுக்க மூன்றரை நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். சோலோ வேண்டுமா என்று கிடாரிஸ்டிடம் கேட்காதீர்கள், வேண்டும் என்றுதான் சொல்வார்.

பறை, பம்பை, கானா தாளம் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். ராக்கும் கானாவும் ஒரே மேடையில் நிற்கும் என்பதை தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்டு 2018லேயே சென்னையில் காட்டிவிட்டார்கள். ஆனால் பம்பை வாசிப்பவரைக் கூட்டிவந்து கடைசி பத்து நொடிக்கு ‘மண் வாசனை’ சேர்ப்பது அசிங்கம். சேர்த்தால் அவரை பேண்டின் ஆளாகச் சேருங்கள், பங்கும் கொடுங்கள்.

படி 6: மே மாத வேலூரில் ரெக்கார்டிங்

தேவையானவை: இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிடாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு டைனமிக் மைக், மூடிய ஹெட்போன், லேப்டாப். மைக் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். அது நல்ல மைக்தான், ஆனால் அதற்கு எல்லாமே கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி, தண்ணி லாரி, சத்துவாச்சாரியில் என் அறையிலிருந்து ஹைவேயில் போகிற லாரியின் ஏர் ஹார்ன்கூட. ஷூர் எஸ்.எம்.58 மாதிரி டைனமிக் மைக் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்தால் குரலை மட்டும் பிடிக்கும். பாப் ஃபில்டருக்கு எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்துக் கட்டினால் போதும்.

சாஃப்ட்வேர்: ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், லைசென்ஸும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் மலிவு. மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். நிஜ டிரம்ஸ் பதிவு செய்ய வீட்டில் வழியில்லை, எம்.டி. பவர் டிரம் கிட் என்ற இலவச பிளகினில் எங்கள் டிரம்மர் கீபோர்டில் தட்டித் தட்டிப் போட்டார். எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் மெஷின் மாதிரி கேட்கும், அடிக்கு அடி கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டும்.

பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொடவே கூடாது. டிஜிட்டலில் கிழிந்த சத்தத்தைத் தைக்க முடியாது. பதிவின்போது பஃபர் (லேப்டாப் சத்தத்தைக் கையாள எடுக்கும் இடைவெளி, குறைந்தால் தாமதமும் குறையும்) 128, மிக்ஸிங்கின்போது 512 அல்லது 1024. பாடும்போது தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று பாடகர் எரிந்து விழுந்தால், இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குங்கள்.

அறையை முட்டை அட்டையால் ஒட்டி அலங்கரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வெளிச்சத்தம் குறையாது, பல்லிதான் சேரும். இரண்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோடு நிறுத்தி மூலையில் மைக்கை வையுங்கள், பீரோவைத் திறந்து துணி தெரியும்படி விடுங்கள். எங்கள் வீட்டு பீரோவில் இருந்த குடியாத்தம் லுங்கிகள் செய்த வேலையை எந்த ஃபோமும் செய்யாது.

ஃபேன். இதுதான் நிஜப் பிரச்சினை. அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, மெத்தைக்கு நடுவில் நின்று உச்சஸ்தாயியில் பாடுவது ஒரு தண்டனை. நாங்கள் கண்ட வழி, ஒரு டேக் (ஒரு முறை பாடிப் பதிவது), நாலு நிமிஷம் ஃபேன், மறுபடி ஒரு டேக். ராத்திரி 1 மணியிலிருந்து 4 மணிவரை. ஒரு ராத்திரிக்கு எட்டு டேக்கைத் தாண்டினால் குரல் போய்விடும், நாளைக்குப் பாருங்கள். ஐஸ் தண்ணி வேண்டாம், வெந்நீர். முதல் பகுதியின் பேச்சுக் குரலை உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள், கோரஸை நின்று. வித்தியாசம் உடனே கேட்கும்.

கிடாரில் ஙொய் என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. ஒரு மாதம் கேபிளை மாற்றினோம், பிக்கப்பை மாற்றினோம். கடைசியில் லேப்டாப் சார்ஜர். பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இன்வெர்ட்டரால், அது ஓடாத நேரமாகப் பார்த்து வாசித்தோம். கரண்ட் கட்டில் ஒரு முழு ராத்திரி டேக் போன பிறகு ஆட்டோசேவை இரண்டு நிமிஷத்துக்கு மாற்றினேன். நீங்கள் முதல் நாளே மாற்றுங்கள்.

ரிதம் கிடாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் தள்ளுங்கள். ஒரே டேக்கைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் அது நடுவில்தான் கேட்கும், பலர் செய்யும் தப்பு. டிஸ்டார்ஷனை (கிடாரின் கரகரப்பை) நினைத்ததைவிடக் குறைவாக வையுங்கள். பேஸ் கிக்கோடு சேர்ந்து விழட்டும்.

படி 7: மிக்ஸிங்

முதலில் எல்லா ஃபேடரையும் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) இறக்கிவிட்டு, குரலையும் டிரம்ஸையும் மட்டும் ஏற்றி ஒரு பாட்டாக நிற்கிறதா பாருங்கள். தமிழ்க் கேட்பவனுக்கு வரி புரிய வேண்டும். மேற்கத்திய ராக் மிக்ஸில் குரல் கிடாருக்குள் புதைந்து கிடக்கும், அதை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். அதற்காக சினிமாப் பாட்டு மாதிரி குரலை மட்டும் தூக்கிவைத்தாலும் பேண்டு பக்கத்து அறையில் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். நடுவில் எங்கேயோ.

குரலில் 80லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே வெறும் உருமல்தான். கிடாரிலும் அதே, அந்த இடம் பேஸுக்கும் கிக்குக்கும். மொத்தமும் மந்தமாக, போர்வைக்குள் இருந்து கேட்கிற மாதிரி இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கம்ப்ரெஸர் (அதிகச் சத்தத்தை அமுக்கிச் சமமாக்குவது) 4க்கு 1, அட்டாக்கை (அது அமுக்க ஆரம்பிக்கும் வேகத்தை) 15 மில்லி நொடி போல மெதுவாக வையுங்கள். வேகமாக வைத்தால் ‘வெச்சினு’வின் ச்சவும் ‘டீக்கட’யின் க்கவும் மழுங்கிவிடும், நம் பேச்சின் உயிரே அந்த வல்லினத்தில்தான் இருக்கிறது. ‘ஸ’ விசிலடித்தால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் டீ-எஸ்ஸர் (அந்த விசிலைக் குறைக்கும் பிளகின்). முதல் 40 நொடியில் ரிவெர்ப் (எதிரொலி) வேண்டாம், காதோரம் பேசுவது மாதிரி காய்ந்து இருக்கட்டும். வெடித்த பிறகு கொஞ்சம் போடுங்கள்.

மோனோவில் (இடது, வலது சேர்ந்து ஒரே சத்தமாக) கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். முக்கியமாக ஒரு ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேளுங்கள், டிரைவரிடம் சொல்லிவிட்டு. எங்கள் முதல் மிக்ஸ் ஆட்டோவில் பேஸ் மட்டும் கேட்டது, டிரைவர் “வரி இன்னா சார், ஒண்ணியும் புரியல” என்றார். 300 ரூபாய் செலவில் கிடைத்த மிகச் சிறந்த மிக்ஸிங் ஆலோசனை.

மாஸ்டரிங்குக்கு (ரிலீஸுக்கு முன் பாட்டின் மொத்தச் சத்தத்தைச் சரிசெய்வது) எண்கள் இரண்டுதான். ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அளவுக்குச் சமப்படுத்துகிறது, ட்ரூ பீக் (சத்தத்தின் நிஜ உச்சம்) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது. ராக்கை அதைவிடச் சத்தமாகச் செய்யலாம், அவர்கள் இறக்கிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் பாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பித்து வெடிப்பதை லிமிட்டரில் (உச்சத்தை வெட்டிச் சத்தத்தைக் கூட்டும் பிளகின்) நசுக்கினால் வெடிப்பே போய்விடும். சத்தப் போட்டிக்குப் போகாதீர்கள்.

படி 8: பங்கு, பேப்பர், ரிலீஸ்

பாட்டு முடிந்த அன்றே, ரிலீஸுக்கு முன்னால், யார் வரி, யார் ட்யூன், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள், எழுதாவிட்டால்தான் கெடும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை உருவாக்கியதுமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. வரி எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் வாழ்நாளோடு மேலும் 60 ஆண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர்களின் ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொண்டு போக முடியாது. ஐ.பி.ஆர்.எஸ்ஸில் (வரி எழுதுபவர்களுக்கும் இசை அமைப்பவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகப் பதிந்தால் பொது இடங்களில் ஒலிபரப்பாகும்போது வரும் பங்கு கிடைக்கும். கோடி வராது.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் நேரடியாக ஏற்ற முடியாது, டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை அங்கே கொண்டுசேர்க்கும் ஆன்லைன் கம்பெனி) வழியாகத்தான். வருடச் சந்தா வாங்குகிறவர்கள், பாட்டுக்கு ஒரு முறை வாங்குகிறவர்கள், இலவசமாக ஏற்றிவிட்டுப் பங்கு எடுப்பவர்கள் என்று மூன்று வகை. சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்பதை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஆர்.சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்) அவர்களே கொடுப்பார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் அதே எண்தான் வேண்டும்.

கவர் 3000க்கு 3000 பிக்ஸல், சதுரம். நாங்கள் லாட்ஜ் போர்டு தெரிகிற போட்டோவை அனுப்பினோம், போன் நம்பர் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு வாரம் போனது. அப்புறம் மஞ்சப்பையும் ஒரு ஜோடி செருப்பும் மட்டும் எடுத்தோம், என் செருப்புதான். தூங்குகிற மனிதர் யாரையும் கவரில் போடாதீர்கள், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி. மொழி என்ற இடத்தில் தமிழ் என்று தேர்வு செய்ய மறக்க வேண்டாம், கெட்ட வார்த்தை இருந்தால் எக்ஸ்ப்ளிசிட் என்று டிக் செய்யுங்கள்.

ரிலீஸ் தேதியை ஏற்றும் நாளிலிருந்து நாலு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸில் பிளேலிஸ்ட்டுக்காகக் கோரிக்கை அனுப்ப ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் போக வேண்டும். வருமானத்தைப் பற்றி, 2024இலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு அங்கே பணமே கிடையாது. தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்க வைத்தாலும் ஆயிரம் சாதாரண எண் இல்லை. யாரோ “காசு கொடுங்க, பத்தாயிரம் பிளே ஏத்தித் தர்றேன்” என்று மெசேஜ் செய்வார்கள், போலி ஸ்ட்ரீம் தெரிந்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள்.

படி 9: மேடை

ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், ஆகவே 9:30க்குள் உங்கள் பாட்டு வருகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 40 நொடிக்கு ஹால் அமைதியாக இருக்காது, அதற்கு எதுவும் செய்ய முடியாது, ஷட்டர் சத்தம் வந்ததும் அடங்கும். அந்தச் சத்தத்தையும் கிளிக்கையும் லேப்டாப்பில் ஓட்டினால், சத்தம் ஒரு சேனலில் ஸ்பீக்கருக்கும் கிளிக் இன்னொரு சேனலில் டிரம்மரின் காதுக்கு மட்டும் போக வேண்டும். கேபிளில் இடது, வலது என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். எங்கள் முதல் மேடை ஒரு கல்லூரி விழா. சவுண்ட் செட்காரத் தம்பி கேபிளை மாற்றிச் சொருகிவிட்டார். மெதுவான அந்த முதல் பகுதி முழுக்க டிக் டிக் டிக் என்று 168இல் ஹால் முழுக்க ஓடியது, முன்வரிசைப் பிள்ளைகள் அதுதான் தாளம் என்று நினைத்து அழகாகக் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.